எஸ்ஏடி மதிப்பெண் நகராமல் நின்றபோது

அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் எஸ்ஏடி தேர்வுக்காக ஐந்து மாதிரித் தேர்வு எழுதியும் என் மதிப்பெண் 1180-ஐத் தாண்டவே இல்லை. ராத்திரி தூக்கமே வராது. அப்புறம் புதுத் தேர்வு எழுதுவதை நிறுத்திவிட்டு, பழைய தவறுகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். கணக்கில் பாதி எனக்கு நன்றாகத் தெரிந்தவைதான்! '2எக்ஸ் + 6 எவ்வளவு' என்று கேட்டிருப்பார்கள். எக்ஸ் 4 என்று கண்டுபிடித்த வேகத்தில் 4-ஐயே குறித்திருப்பேன். அந்த 4-உம் விடைகளில் ஒன்றாக இருக்கும்.

அதனால் கடைசி வரியை முதலில் படித்து, கேட்டதை ரஃப் தாளில் எழுதிவிட்டுத்தான் கணக்கைத் தொட்டேன். ஒவ்வொரு பாடத்திலும் இரண்டாம் பகுதி எவ்வளவு கடினமாக வரும் என்பது முதல் பகுதியைப் பொறுத்தது, அங்கே அவசரப்படவில்லை. தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது, அதனால் எதையும் காலியாக விடவில்லை. ஆறு வாரத்தில் 1310. ஆங்கிலத்தில் நிறுத்தற்குறிகள் இன்னும் சிரமம்தான். இப்போது நோட்டில் அதுதான் ஓடுகிறது.