மேலே புதுசு, கீழே பழசு: ஆர்எக்ஸ் 100 இன்ஜினை டிராக்குக்குக் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோவை பக்கத்துச் செட்டிபாளையத்துக்குக் குட்டி யானையில் பைக்கை ஏற்றிக்கொண்டு போய், மூன்று ரவுண்டு ஓட்டிவிட்டு, அதே குட்டி யானையில் தள்ளி ஏற்றித் திரும்பி வந்தவன் நான். அங்குள்ள ரேஸ் டிராக்கான கரி மோட்டார் ஸ்பீட்வே ஒரு சுற்று 2.1 கி.மீ. நாலாவது சுற்றில், நேர்ப்பாதை முடிகிற இடத்தில் ஆக்சிலேட்டரை விட்டேன். சத்தம் இறங்கவில்லை. இறங்காதது மட்டுமில்லை, மெலிந்துபோய் இன்னும் மேலே ஏறியது. என்னவென்று யோசிப்பதற்குள் பின்சக்கரம் கீச்சென்று பூட்டிக்கொண்டது. கை தானாகக் கிளட்சைப் பிடித்ததால் விழவில்லை.

வீட்டுக்கு வந்து பிளாக்கை, அதாவது பிஸ்டன் ஓடுகிற சிலிண்டரைக் கழற்றினேன். பிஸ்டனில் புகை வெளியேறும் எக்சாஸ்ட் பக்கம் மேலிருந்து கீழ்வரை உரசல் கோடு. அலுமினியம் இழுபட்டு, போரில், அதாவது பிளாக்கின் உள்துளையில், அப்பியிருந்தது. புது போர், புது பிஸ்டன், புது ரிங், எல்லாமே அளவு சரி. தப்பு அதற்கும் கீழே இருந்தது. மேக்னெட் (கரண்ட் தயாரிக்கும் சக்கரம்) பக்கத்து ஆயில் சீல் வண்டியோடு பிறந்தது; உதடு இறுகி நகம் பட்டாலே பொடிந்தது. அது வழியாகக் காற்று உள்ளே போய், பெட்ரோல் விகிதம் குறைந்து, சூடேறி, பிஸ்டன் பிடித்துக்கொண்டது. அந்த சீலின் விலை, அன்றைய வண்டி வாடகையில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

பழைய இன்ஜினை டிராக்குக்குக் கட்டுகிற பலரும் செய்வது இதைத்தான். கண்ணுக்குத் தெரிகிற பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் பணத்தைக் கொட்டிவிட்டு, பெட்டிக்குள் கிடக்கிற, பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்கையும் சீலையும் "ஓடத்தானே செய்யுது" என்று விட்டுவிடுகிறோம்.

நான் பேசுவது யமஹா ஆர்எக்ஸ் 100 பற்றி. 1985 முதல் 1996 வரை வந்த 98 சிசி டூ ஸ்ட்ரோக். போர் 50 மி.மீ, ஸ்ட்ரோக்கும் 50 மி.மீ. எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் கள்ளு ஏற்றிய தலைமுறை வண்டிகள் தென்னந்தோப்பு ஷெட்டுகளில் இன்னும் கிடக்கின்றன. யமஹாவின் ஆர்15 மாதிரி வண்டியை எடுப்பவர்களுக்கு இங்கேயே ஒரு எச்சரிக்கை: அதன் பிளாக் டயாசில் (சிலிக்கான் கலந்த அலுமினிய வார்ப்பு) வகை, உள்ளே இரும்பு லைனர் கிடையாது. ஆர்எக்ஸ் பிளாக்கைப் போல லேத்துக்குக் கொண்டுபோய் "போர் போட்டுக் கொடுங்க" என்று நீட்டக் கூடாது. தேய்ந்தால் பிளாக்கையே மாற்ற வேண்டும்.

வாங்கும்போது

கோவை உக்கடம் பக்கத்துப் பழைய சாமான் கடைகளில் இன்ஜின் பார்க்கிறவர்கள் முதலில் கிக்கரை உதைத்துப் பார்க்கிறார்கள். கம்ப்ரஷன் இருந்தால் "நல்லாருக்கு" என்று விலை பேசிவிடுகிறார்கள். கம்ப்ரஷன் இருப்பது ரிங் வேலை செய்கிறது என்பதற்குச் சான்று, அவ்வளவுதான். கேட்க வேண்டியது, பிளாக்கின் உள்துளையை எத்தனை தடவை பெரிதாக்கியிருக்கிறார்கள், அதாவது எத்தனையாவது போர் ஓடுகிறது என்று. ஓவர்சைஸ் பிஸ்டன்கள் கால் மி.மீ கணக்கில் கூடிக்கொண்டே போய் 51 மி.மீ வரை வரும். 0.75 ஏற்கெனவே போட்டிருந்தால் இன்னும் ஒரே தடவைதான் பாக்கி. ஹெட்டைக் கழற்ற விட்டால் பிஸ்டன் தலையில் அந்த எண் பொறித்திருக்கும். துணியால் கரியைத் துடைத்தால் தெரியும். கழற்ற விடாத கடையில் நான் வாங்குவதில்லை.

இன்னொன்று, இன்ஜின் நம்பர். டிராக்கில் ஓட்டுவதற்குத்தானே, ஆர்சி எதற்கு என்று விடுவது ஆபத்தான சிக்கனம். நம்பரைத் தேய்த்து மறுபடி குத்தியிருந்தால் மலிவு விலைக்குக் காரணம் அதுதான். ஆர்சி நகலும் விற்பனைக் கடிதமும் கையில் இருக்கட்டும். கட்டி முடித்த பைக்கை மாநில எல்லை தாண்டி ஓட்டியே கொண்டுபோகலாம் என்ற எண்ணமும் வேண்டாம். தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் சொன்னதே கேரளத்திலிருந்து போன வழக்கில்தான். இந்தப் பக்கத்து மோட்டார் வாகன அதிகாரிகள் அதை நன்றாக நினைவில் வைத்திருக்கிறார்கள். குட்டி யானை வாடகை எவ்வளவோ மேல்.

பிளாக்கும் பிஸ்டனும்

முதல் தடவை கோயமுத்தூர் லேத்துக்கு வெறும் பிளாக்கோடு போனேன். அங்கிருந்த அண்ணன் கையை நீட்டினார். "பிஸ்டன் எங்கீங்க தம்பி?"

"போர் போட்டு வெச்சிருங்கண்ணா, பிஸ்டன் அப்பறமா வாங்கிக்கறேன்."

"ஆளப் பாக்காமச் சட்டை தைக்கச் சொல்றீங்ளா?"

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஒரே பெட்டி எண் போட்ட இரண்டு பிஸ்டன்கள்கூட ஒரு மி.மீ-யில் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்கு மாறும். இந்த அளவு இன்ஜினில் பிஸ்டனுக்கும் போருக்கும் நடுவே விடுவதே சுமார் 0.03 முதல் 0.05 மி.மீ வரைதான். நோட்டுப் புத்தகத் தாள் ஒன்றின் தடிமன்கூட இருக்காது. பிஸ்டனை முதலில் வாங்கி, அதன் பாவாடைப் பகுதியை, அதாவது ரிங்குக்குக் கீழுள்ள சுவரை, மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கேற்பத்தான் போரும் ஹோனிங்கும் (உள்சுவரை உரசி இறுதி அளவுக்குக் கொண்டுவருவது). ஹோனிங் முடித்த கையோடு, பிளாக் சூடாக இருக்கும்போதே அளந்தால் அளவு பொய் சொல்லும். ஆறட்டும். டீ குடிக்க நேரம் கிடைத்தது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

போர் போட்டதும் போர்ட்டு (பிளாக் சுவரில் வாயு போய்வரும் வாசல்) விளிம்புகள் கத்தி மாதிரி கூராக இருக்கும். அவற்றைச் சின்னதாகச் சரித்து விடாமல் பூட்டினால் ரிங் அதில் மாட்டி உடையும். இதை லேத்தில் செய்திருப்பார்கள் என்று நாமும், மெக்கானிக் செய்துகொள்வார் என்று அவர்களும் விட்டுவிடுகிற வேலை இது. விரலை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள், கீறினால் செய்யவில்லை. ரிங்கைப் பிஸ்டனில் போடுமுன் தனியாகப் போருக்குள் இறக்கி, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளிவிட்டு, இரண்டு முனைக்கும் நடுவே ஃபீலர் கேஜ் என்கிற மெல்லிய அளவுத் தகட்டை விட்டுப் பார்க்க வேண்டும். இடைவெளியே இல்லாவிட்டால் சூட்டில் முனைகள் முட்டிக்கொண்டு போரைப் பிறாண்டும். பிஸ்டன் தலையில் இருக்கும் அம்புக்குறி எக்சாஸ்ட் பக்கம். இதைத் திருப்பிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், நம்புங்கள்.

கிராங்க்

பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடை மேலும் கீழுமாக இழுத்துப் பார்த்து "ஆட்டம் இல்லை" என்று கிராங்கைத் திரும்ப உள்ளே வைப்பதுதான் வழக்கமாக நடப்பது. மேலும் கீழும் துளி ஆட்டம்கூட இருக்கக் கூடாது என்பது சரி; ஆனால் அது பாதிச் சோதனை. மீதிப் பாதி கோட்டம். இந்தக் கிராங்க் ஒரே துண்டு இல்லை. இரண்டு வட்டுகளும் நடுவில் அழுத்திச் செருகிய ஒரு பின்னும். ராடு கிட் மாற்றும்போது பிரஸ்ஸில் வைத்துப் பிரித்து மறுபடி அழுத்துகிறார்கள். அப்போது இரண்டு வட்டும் ஒரே கோட்டில் உட்காராது. இரு முனைகளையும் சென்டரில் மாட்டி, டயல் கேஜ் வைத்துச் சுற்றி, முள் ஆடுகிற பக்கம் பார்த்துச் செம்புச் சுத்தியலால் தட்டித் தட்டித்தான் நேராக்க வேண்டும்.

சித்தூரில் நான் கிராங்கைக் கொடுக்கும் ஆசான் இதற்கு ஒரு முழு மத்தியானம் எடுத்துக்கொள்வார். ஒரு தட்டு, ஒரு சுற்று, ஒரு பார்வை. முள் 0.03 மி.மீ-க்குள் அடங்கும்வரை பேச்சு கிடையாது. பக்கத்தில் நின்று "ஆச்சா ஆசானே?" என்று கேட்டால் கிராங்கைத் துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்துவிடுவார். நான் ஒரு தடவை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

இவ்வளவு எதற்கு? கம்பெனி கொடுத்த வண்டியில் உச்ச சக்தி 7,500 ஆர்பிஎம்மில். டிராக்குக்குக் கட்டியதை 9,000-க்குத் தூக்குவோம். அதாவது ராடு நொடிக்கு 150 தடவை போய் வருகிறது. ரோட்டில் வெறும் அதிர்வாகத் தெரிகிற கோட்டம், அங்கே பேரிங்கையும் சீலையும் தின்கிறது.

பேரிங்கை இன்ஜின் கேஸில் (வெளிக்கூட்டில்) சுத்தியலால் அடித்து இறக்குவதும் இதே ரகம். கேஸைச் சூடாக்கி, பேரிங்கைக் குளிர வைத்தால் அது தானாக உட்காரும். எங்கள் வீட்டு ஃப்ரீசரில் மத்தி மீனுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கவரில் கட்டிய பேரிங் ஒரு ராத்திரி முழுக்க இருந்து, காலையில் பெரிய பேச்சுக்கு இடமானது. மேக்னெட்டைக் கழற்றவும் புல்லர் வேண்டும்; ஸ்க்ரூ டிரைவரை நெம்புகோலாக்கி, பின்னால் சுத்தியலால் ஒரு போடு போட்டால் ஆசானின் மத்தியானம் வீண்.

சீலைச் சோதிக்காமல் ஸ்டார்ட் பண்ணாதீர்கள்

டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் இருக்கும் அறையே காற்றை அழுத்தித் தள்ளும் பம்ப். மேக்னெட் பக்க சீல் ஒழுகினால் வெளிக்காற்று உள்ளே வரும். எனக்கு நடந்தது அதுதான். கிளட்ச் பக்க சீல் ஒழுகினால் கியர் ஆயில் உள்ளே உறிஞ்சப்பட்டு வெள்ளைப் புகை தள்ளும், பிளக் நனையும், கியர் பாக்ஸில் ஆயில் குறைந்துகொண்டே போகும். இரண்டு சீலையும் பேரிங்கோடு சேர்த்துப் புதிதாகப் போட வேண்டும். போட்டது பிடித்திருக்கிறதா என்று பார்க்கவும் வேண்டும்.

அதற்குத் தனிக் கருவி தேவையில்லை. அம்மாவின் பழைய பிபி மெஷினின் பல்பும் மீட்டரும் போதும். எக்சாஸ்ட் வாயை ரப்பர் ஷீட்டும் தகடும் வைத்து போல்ட் போட்டு அடைத்தேன். கார்பரேட்டர் வருகிற இடத்தில் ஒரு ரப்பர் கார்க், அதில் துளை, துளையில் பிபி மெஷினின் டியூப். பிஸ்டனைக் கீழே இறக்கி, பிளக்கைப் பூட்டி, மீட்டர் 250 காட்டும்வரை பல்பை அமுக்கினேன். அது ஏறக்குறைய 5 பிஎஸ்ஐ. முள் ஐந்தாறு நிமிடம் நகராமல் நின்றால் நிம்மதி. இறங்கினால் சோப்பு நுரையைத் தடவுங்கள். குமிழி வருகிற இடம்தான் ஓட்டை. எனக்கு இரண்டாவது தடவை குமிழி வந்தது சீலில் இல்லை, பிளாக்குக்கு அடியில் நானே வெட்டிப் போட்ட பேக்கிங்கில். கல்யாணப் பத்திரிகை அட்டையில் பேக்கிங் வெட்டுகிற பழக்கத்தை அன்றோடு விட்டேன். தடிமன் மாறினால் போர்ட்டு திறக்கும் நேரமும் மாறும் என்பது தனி.

பிஸ்டன் பின்னின் லாக்கைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. புதிது போடும்போது கிராங்க் வாயில் துணி திணித்திருக்கட்டும். இல்லையென்றால் லாக் தெறித்து எங்கே விழும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆசையில் செய்வது

இன்ஜின் ஓடுகிறதா என்றே தெரியாமல் ரோட்டரி ஃபைல் என்கிற சுழலும் அரத்தை எடுத்து எக்சாஸ்ட் போர்ட்டைத் தூக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். போர்ட்டை உயர்த்தினால் மேல் ஆர்பிஎம் கூடும், கீழ் இழுவை போகும். செட்டிபாளையம் மாதிரி வளைவு நிறைந்த சின்ன டிராக்கில் வளைவிலிருந்து வெளியே வர அந்தக் கீழ் இழுவைதான் வேண்டும். அகலப்படுத்தினால் ரிங் வெளியே பிதுங்கி மாட்டும். எடுத்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. முதலில் கம்பெனி அளவிலேயே கட்டி, ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பாருங்கள்.

ஹெட்டைத் தட்டையாக்க கண்ணாடிமேல் எமரி வைத்து எட்டு போட்டுத் தேய்ப்பது நல்ல பழக்கம். கம்ப்ரஷனுக்காக லேத்தில் கொடுத்து இஷ்டத்துக்குச் சீவுவது வேறு. சீவினால், பிளக் ஓட்டை வழியாக ஈயக்கம்பியைச் சுவர் வரை விட்டு, கிக்கரைக் கையால் ஒரு சுற்று அமுக்கி, நசுங்கிய தடிமனை, அதாவது பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை, வெர்னியரில் பாருங்கள். ஒரு மி.மீ அளவுக்குக் கீழே போனால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு டேங்கிலேயே கலக்குவது டிராக் வழக்கம். லிட்டருக்கு 33 மில்லி போட்டால் முப்பதுக்கு ஒன்று. "பாதுகாப்புக்கு" என்று இன்னும் ஊற்றுகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: ஆயில் கூடினால் கார்பரேட்டரின் பெட்ரோல் துளையான அதே ஜெட்டில் போகும் பெட்ரோல் குறையும், அதாவது லீன். இப்போது பெட்ரோல் பங்கில் வருகிற 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலும் பழைய கார்பரேட்டரை லீன் பக்கமே தள்ளுகிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று குளிர்ந்து வீசுகிற மார்கழிக் காலையில் இன்னும் கொஞ்சம். அதனால் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் பெரிதாக வைத்துத் தொடங்கி, பிளக்கின் நிறத்தைப் பார்த்துப் பார்த்துக் குறைப்பதுதான் என் முறை.

முதல் நாள் முதல் ரவுண்டிலேயே முறுக்கத் தோன்றும். ஸ்டாண்டில் வைத்து ஸ்டார்ட் பண்ணி, பிளாக்கில் கை வைக்க முடியாத சூடு வந்ததும் நிறுத்தி, முழுக்க ஆறவிட்டு, இதையே மூன்று தடவை செய்யுங்கள். மூன்றாவது தடவை ஆறிய பிறகு ஹெட் நட்டுகளைக் குறுக்கு வரிசையில் டார்க் ரெஞ்ச் போட்டுப் பாருங்கள். எனக்கு ஒவ்வொரு இன்ஜினிலும் ஒரு நட்டாவது கால் சுற்று உள்ளே போயிருக்கிறது. பிறகு டிராக்கில் ஐந்தாறு ரவுண்டு பாதி ஆக்சிலேட்டரில், ஒரே வேகத்தில் பிடிக்காமல் ஏற்றி இறக்கி ஓட்டிவிட்டு உள்ளே வந்து, பிளக்கைக் கழற்றி வெயிலில் திருப்பிப் பாருங்கள். காப்பிக்கொட்டை நிறம் இருந்தால் அடுத்த ரவுண்டுக்குக் கிளம்பலாம். வெளுத்திருந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்; பைக்கை ஏற்றுங்கள்.