மனசு உடைந்து கிடந்தால் முதலில் சாப்பிடுங்கள்

ஜெபிக்கக்கூடத் தெம்பில்லாமல் கிடக்கிறீர்களா? பைபிளில் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். போதும் கர்த்தாவே என்று சாவைக் கேட்டு சூரைச்செடியின் கீழே படுத்துவிட்ட எலியா தீர்க்கதரிசிக்கு தேவன் அனுப்பிய முதல் உதவி பிரசங்கம் இல்லை, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும்தான். சாப்பிட்டவர் மறுபடியும் படுத்துக்கொண்டார், அதற்கும் திட்டு விழவில்லை, தேவதூதன் இரண்டாம் தரமும் வந்து தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். அந்தப் பலத்தில்தான் ஓரேப் மலை வரை 40 நாள் நடை.

அதனால் பக்கத்து வீட்டு அக்கா கஞ்சி கொண்டுவந்தால் "எதுக்குக்கா சிரமம்" என்று திருப்பி அனுப்பாதீர்கள் (நம் ஆட்களுக்கு இது கைவந்த கலை), வாங்கிக் குடியுங்கள். அப்புறம் தூங்குங்கள். எழுந்தபிறகு ஒரு வரி ஜெபம் போதும்: "ஆண்டவரே, இன்றைக்கு மட்டும் நடத்தும்." சாக வேண்டும் என்ற நினைப்பு விடாமல் வந்தால், டாக்டரைப் பார்க்க இன்றைக்கே யாரையாவது துணைக்குக் கூப்பிடுங்கள்.