கழற்றி மாற்றும் பொம்மைகள்: முளையில் சறுக்கும் இடங்கள்

ஒரு பொம்மையின் கையைக் கழற்றி இன்னொன்றின் தோளில் வைத்து அழுத்தினால் 'டப்' என்று போய் உட்கார வேண்டும். இரண்டும் ஒரே பெட்டியில் வந்தவை என்றால் அதில் ஆச்சரியம் இல்லை. செய்தவர்கள் வேறு வேறு ஆட்கள், விற்கிற பெயரும் வேறு, அப்படியும் கை உட்காருகிறது என்றால், யாரோ முன்கூட்டியே பேசிவைத்து வேலை பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அமெரிக்காவில் கிளையோஸ் என்ற பெயரில் அப்படி ஒரு பொம்மைக் குடும்பம் உண்டு. ஒனெல் டிசைன் என்ற சின்ன நிறுவனத்தின் மேட் டவுட்டி தொடங்கியது. ஃபெய்டன் என்ற உள்ளங்கை உயர விண்வெளி வீரன்தான் அதன் முகம். தலை, கை, இடுப்பு, கால் என்று எல்லாமே தனித்தனியாகக் கழன்று வரும். டவுட்டி அந்த முளையைத் தனக்குள் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. மற்ற சிறு தயாரிப்பாளர்களும் அதே முளைக்குத் தங்கள் பொம்மைகளைச் செய்தார்கள். முளை என்று நான் சொல்வது குழிக்குள் நுழையும் அந்தச் சின்னக் காம்பை. பொம்மைக்காரர்கள் வாயில் அது 'பெக்'.

முப்பரிமாண பிரிண்டர் வீட்டுக்கு வந்த பிறகு நம் ஆட்களிலும் பலர் இப்படிச் செய்து பார்க்கிறார்கள். சேகரிப்பவர்களும் கூடியிருக்கிறார்கள். எல்லோரும் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். அதில் பாதி நானே விழுந்து எழுந்த இடங்கள்.

நேற்று முளைத்த யோசனை என்று நினைப்பது

ஜப்பானின் தகாரா நிறுவனம் 1974-இல் மைக்ரோமேன் என்ற வரிசையை விட்டது. சுமார் 10 செ.மீ. உயர பொம்மைகள். அவற்றின் வாகனங்களிலும் கருவிகளிலும் 5 மி.மீ. துளைகளும் முளைகளும் இருக்கும். ஒன்றை உடைத்து இன்னொன்றாகக் கட்டலாம். அமெரிக்காவின் மேகோ நிறுவனம் 1976 முதல் இதை மைக்ரோநாட்ஸ் என்ற பெயரில் விற்றது. ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தும் உலகம் என்பதே அதன் விளம்பர வாசகம். 1980-இல் அந்த வரிசை நின்றது. 1982-இல் மேகோவே திவால் மனு கொடுத்தது. தகாராவின் 5 மி.மீ. முளை மட்டும் சாகவில்லை. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மையின் கையில் துப்பாக்கி செருகுகிறீர்களே, அந்தத் துளை இந்த வம்சம்தான்.

அப்படியானால் சிறு தயாரிப்பாளர்கள் புதிதாக என்னதான் செய்தார்கள்? பழைய காலத்தில் பொருத்தம் என்பது ஒரு கம்பெனியின் சுவருக்குள் நடந்த விஷயம். மைக்ரோநாட்ஸுக்கு மைக்ரோநாட்ஸ்தான் பொருந்தும், இன்னொரு பொட்டலத்தையும் வாங்க வைக்கத்தானே அந்த ஏற்பாடு! இவர்கள் சுவரை எடுத்துவிட்டார்கள். முளையைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால், கிளையோஸ் வெறும் பழைய சரக்கின் நகலாகத் தெரியும்.

கூட்டு என்றால் எல்லாம் பொது என்று எடுத்துக்கொள்வது

இது பெரிய தவறு. நிதானமாகப் பார்க்க வேண்டியதும் கூட.

மெல் பிர்ன்கிராண்ட் என்ற வடிவமைப்பாளர் 1968-இல் கலர்ஃபார்ம்ஸ் நிறுவனத்துக்காக 'தி அவுட்டர் ஸ்பேஸ் மென்' என்ற ஏழு பொம்மைகளை உருவாக்கினார். ரப்பர் மாதிரி உடல், உள்ளே கம்பி, வளைத்தால் வளையும். செவ்வாய்க்கு ஒருவர், சனிக்கு ஒருவர் என்று கோளுக்கொரு ஆள். இரண்டாம் வரிசையும் மாதிரி வரை வந்தது, ஆனால் கடைக்கு வரவில்லை. 40 வருடத்துக்கு மேல் கழித்து, 2010-இல், ஃபோர் ஹார்ஸ்மென் என்ற சிற்பக் குழு அதே ஆட்களை மறுபடி செதுக்கியது. இந்த முறை உள்ளே கம்பி கிடையாது, கிளையோஸ் முளை. புதிதாகச் செதுக்கிய சனிக்கிரகத்துக்காரர் தலையை டவுட்டியின் விண்வெளி வீரன் கழுத்தில் மாட்டலாம். கடையையே பார்க்காமல் போன இரண்டாம் வரிசை ஆட்களுக்கும் அப்போதுதான் விடிவு வந்தது.

இதில் யார் எதைக் கொடுத்தார்கள் என்று கவனியுங்கள். பாத்திரங்கள் பிர்ன்கிராண்டுடையவை, செதுக்கிய கை ஃபோர் ஹார்ஸ்மெனுடையது, மூட்டு டவுட்டியுடையது. பொதுவில் வைத்தது அந்த மூட்டு ஒன்றை மட்டும்தான். கிளையோஸ் கதையில் யாருடைய வீரன் யாரோடு சண்டை போடுகிறான் என்பதெல்லாம் அவரவர் விருப்பம். ஐடியல் நிறுவனம் 1984-இல் விட்ட ரோபோ ஃபோர்ஸ் என்ற, அடியில் உறிஞ்சு கப் வைத்த ரோபோக்களை டாய்ஃபினிட்டி என்ற சிறு நிறுவனம் திரும்பக் கொண்டுவந்ததும் இதே வழியில்தான். உருவம் பழைய ரோபோ, மூட்டு கிளையோஸ்.

சிலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். "எல்லோரும் கூட்டாளிகள்தானே" என்று ஃபெய்டனின் தலையை சிலிக்கான் அச்சில் எடுத்து வார்த்து, நிறம் மாற்றி விற்கிறார்கள். தலை பொருந்தும், சரி. ஆனால் அது கூட்டு இல்லை, திருட்டு. அவர்களுடைய குழியில் பொருந்துகிற உங்கள் தலையை நீங்கள் செதுக்க வேண்டும். அதுவும் விற்பதாக இருந்தால் முதலில் கேட்டுவிட வேண்டும். கேட்டவர்களை வைத்துத்தான் இந்தக் குடும்பமே வளர்ந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. 'சிறு தயாரிப்பாளர்' என்றதும் கற்றுக்குட்டி என்று ஒரு நினைப்பு வரும். ஃபோர் ஹார்ஸ்மென் மெக்ஃபார்லேன் டாய்ஸ் என்ற பொம்மை நிறுவனத்திலிருந்து 1999-இல் வெளியே வந்தவர்கள். பெரிய பொம்மை நிறுவனமான மேட்டலுக்காக 2002-இல் ஹீ-மேன் என்ற அதன் புகழ்பெற்ற வீரனை மறுபடி செதுக்கியதும் அவர்களே. குழு சின்னது, கை பெரியது.

செய்து முடித்த பொம்மையை அளந்து முளை வரைவது

நான் விழுந்த குழி இது. ஒரு பொம்மையின் முளையை வெர்னியரால் அளந்தேன். அதே எண்ணைக் கம்ப்யூட்டரில் போட்டு ஒரு கை வரைந்து பிரிண்ட் எடுத்தேன். சிவப்பு பொம்மையில் கச்சிதமாக உட்கார்ந்தது. கண்ணாடி போன்ற நிறமில்லா பொம்மையில் நுழையவே இல்லை. அதே அச்சில் அடித்த வெள்ளிப்பொடி கலந்த பொம்மையில் தொளதொளவென்று தொங்கியது. பிரிண்டரைத் திட்டினேன். பிரிண்டர் பாவம்.

இந்த பொம்மைகளைச் செய்யும் பிளாஸ்டிக்கான பிவிசி சூடாக அச்சுக்குள் போகிறது, ஆறும்போது சுருங்குகிறது. எவ்வளவு சுருங்கும் என்பதை அதன் மென்மை, கலந்த சாயம், அச்சுக்குள் ஆறிய நேரம் எல்லாம் சேர்ந்து முடிவு செய்யும். 100-க்கு 2 பங்கு சுருங்கினால் 5 மி.மீ. முளை 4.9 ஆகிவிடும். இறுக்கத்துக்கும் தொங்கலுக்கும் இடையே உள்ள தூரமே அவ்வளவுதான். முளை சுருங்குவது போலக் குழியும் சுருங்கும். ஒரே கலவையில் இரண்டும் சேர்ந்தே சுருங்குவதால் வீட்டுக்குள் சண்டை வருவதில்லை. பக்கத்து வீட்டு பொம்மையோடு மாட்டும்போதுதான் சண்டை. அதனால் பல தயாரிப்பாளர்கள் சேர்ந்து ஒரே மாதிரி மூட்டு வைத்துக்கொள்வதென்றால், அளவு எழுதிய ஒரு தாளைக் கைமாற்றிக்கொண்டால் மட்டும் தீராது. என்ன பிளாஸ்டிக், எவ்வளவு மென்மை என்பதிலும் ஒத்துப்போக வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான். முளை வரையும் முன் ஒரு சோதனைப் பட்டை அடியுங்கள். 4.7-இல் தொடங்கி 5.2 வரை, 0.1 மி.மீ. இடைவெளியில் ஆறு முளைகள் வரிசையாக. கையில் இருக்கிற எல்லா நிற பொம்மையிலும் ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். மிக இறுக்கமான பொம்மையில் நுழைகிற, மிகத் தளர்ந்த பொம்மையில் நிற்கிற அளவு ஒன்று அகப்படும். அகப்படவில்லையென்றால் எந்தப் பக்கம் சாய்வது என்று நீங்களே முடிவெடுக்க வேண்டியதுதான். என் கட்சி தளர்வு. தொங்குகிற கையைச் சரிசெய்துவிடலாம், உள்ளே உடைந்து மாட்டிக்கொண்ட முளையை எடுக்க முடியாது.

பிரிண்டரில் அடிப்பவர்களுக்கு இன்னொரு வார்த்தை. முளையை நிமிர்த்தி வைத்து அடித்தால் அடுக்குகள் குறுக்கே விழும், முதல் திருகலிலேயே 'படக்'. படுக்க வைத்து அடியுங்கள். துளை எப்போதும் வரைந்ததைவிடக் கொஞ்சம் சின்னதாகத்தான் வரும், அதற்கும் இடம் விடுங்கள். ரெசினில், அதாவது ஊற்றினால் இறுகிவிடும் திரவப் பிளாஸ்டிக்கில், வார்த்தால் முளை கல் மாதிரி இருக்கும். பிவிசி போல அமுங்கிக்கொடுக்காது, அதனால் குழிதான் தேயும். குழியைச் சுற்றியுள்ள சுவர் மெலிந்திருந்தால் பத்து முறை மாற்றியதும் வாய் பிளந்துவிடும்.

'கழன்று மாட்டும்' என்றாலே எல்லாம் எல்லாவற்றோடும் என்று வாங்குவது

அதே ஃபோர் ஹார்ஸ்மென் 2015-இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையதளத்தில் மக்களிடம் பணம் திரட்டி மித்திக் லீஜியன்ஸ் என்ற வரிசையைத் தொடங்கினார்கள். மாவீரர், எலும்புக்கூடு, ஓர்க் என்ற கற்பனை அரக்கர் என்று ஒரு பெரிய படை. இதிலும் பாகங்கள் மாறும். ஆனால் உயரம் வேறு, மூட்டும் வேறு, கிளையோஸ் கை இதில் மாட்டாது. செய்தவர் பெயரைப் பார்த்து வாங்கிவிட்டு ஏமாந்தவர்கள் உண்டு. எந்த மூட்டு, எந்த உயரம் என்று கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள்.

ஒவ்வொரு பொம்மைக்கும் புது அச்சு போடுவது

பொம்மைத் தொழிலில் காசைத் தின்பது பிளாஸ்டிக் இல்லை, அச்சு. நம் ஊர்ப் பட்டறைகளில் 'டை' என்பார்கள். எஃகில் வெட்டிய ஒரு அச்சின் விலையைத் தாங்க ஒரு சிறு தயாரிப்பாளருக்கு மூச்சு முட்டும். பெரிய கம்பெனி லட்சக்கணக்கில் அடித்து அந்தச் செலவைக் கரைத்துவிடும். சில நூறு பொம்மைகளை மட்டும் விற்கிறவர் எங்கே போவார்?

இங்கேதான் முளை சோறு போடுகிறது. ஒரே அச்சில் இன்று பச்சை, மூன்று மாதம் கழித்து ஊதா, அப்புறம் இருட்டில் ஒளிர்வது. வாங்குகிறவர் பச்சைக் கையை ஊதா உடலில் மாட்டி மூன்றாவதாக ஒன்றைச் செய்துகொள்கிறார். நான்கு பாகம் மட்டும் புதிதாக ஒரு அச்சில் வந்தாலும், பழைய பொம்மைகள் அத்தனைக்கும் புது உயிர் வரும். நண்பரின் அச்சில் வந்த தலையும் உங்கள் உடலுக்குப் பொருந்தும் என்றால், அவர் போட்ட செலவில் உங்கள் பொம்மைக்கும் ஒரு வாழ்வு. "மறுபடியும் அதே பொம்மை, வேறு நிறம்" என்று சலித்துக்கொள்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. நிறம் மாற்றுவதிலும் செலவு உண்டு, மறுக்கவில்லை. இயந்திரத்தில் பழைய நிறம் முழுதாக வெளியேறும்வரை அடிப்பதெல்லாம் கலப்படமாக வரும். ஆனால் புது அச்சோடு ஒப்பிட்டால் அது கொசு.

தொடங்குகிறவர்கள் இங்கே தடுமாறுவது ஆசையால். ஆறு பாத்திரம் மனதில் இருக்கிறது, ஆறுக்கும் ஆறு உடல் வரைகிறார்கள். ஒரே உடலும் ஆறு தலையும் போதும். தலை சின்னது, ஒரே அச்சில் நாலைந்து தலையைச் சேர்த்து வெட்டிவிடலாம்.

குளிரில் இழுப்பது, முளைக்கு வண்ணம் அடிப்பது

வாங்கியவர்கள் செய்கிற தவறுகள் இவை. பெட்டியிலிருந்து எடுத்ததும் கையைப் பிடித்து வளைத்து இழுப்பார்கள். முளையின் நுனி லேசாகத் தடித்திருக்கும், அதுதான் அதைக் குழிக்குள் பிடித்து வைத்திருக்கிறது. வளைத்து இழுத்தால் முளையின் கழுத்தில் வெள்ளைக்கோடு விழும், அப்புறம் முறியும். ஒரு கிண்ணத்தில் நல்ல வெந்நீர் எடுத்து, பொங்கக்கூடாது, பொம்மையை அரை நிமிடம் போட்டு வையுங்கள். ஹேர் டிரையரும் ஆகும். பிறகு மெதுவாகத் திருகிக்கொண்டே நேராக இழுங்கள். மாட்டும்போதும் குழியைச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள். வீட்டில் பிரிண்டரில் அடித்த முளைக்கு இந்த வைத்தியம் வேண்டாம், சில பிளாஸ்டிக் வெந்நீரிலேயே கோணிவிடும்.

முளைக்கு வண்ணம் அடிப்பது வீண். ஒரு பூச்சு ஏறினால் முளை தடிக்கும், இரண்டு முறை மாற்றினால் பூச்சு உரிந்து குழிக்குள் பொடியாகச் சேரும். கிளையோஸ் பொம்மைகளில் பல வண்ணம் பூசாமல் ஒரே நிறத்தில் வருவது சிக்கனத்துக்காக மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம், கழற்றி மாட்டுகிற பொம்மைக்கு அதுதான் உடுப்பு.

கடைசியாக, எடுத்து வைப்பது. கழற்றிய கைகால்களைக் கண்ணாடி போன்ற அந்த மலிவு பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டி மூடாதீர்கள். மென்பிவிசியில் கலந்திருக்கும் எண்ணெய்ப் பொருள் மெல்ல வெளியேறி டப்பாவின் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். நம் ஊர் மே மாத மாடியறையில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். ஒரு கோடை முழுக்கத் திறக்காமல் விட்ட என் டப்பாவின் அடியில் ஏழு ஊதா உள்ளங்கைகள் பதிந்து ஒட்டிக்கொண்டு கிடந்தன. இப்போதெல்லாம் நிறத்துக்கொன்றாக ஜிப் வைத்த சின்னக் கவர்களில் போட்டு, எந்த பொம்மையின் பாகம் என்று மேலே பேனாவால் எழுதி வைத்துவிடுகிறேன்.