பிளாக் ராக் பாலைவனத்தில் ராக்கெட் பார்க்க: நம்ம ஊர்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் இருக்கிற மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ நாகர்கோவில், தக்கலை பக்கமிருந்து கிளம்புகிற அப்பா அம்மாக்கள், அங்கே படிக்கப் போகிற பிள்ளைகள் எல்லோருக்கும்தான் இது. கோல்டன் கேட் பாலத்தோடு நிறுத்தாதீர்கள். நெவாடாவின் பிளாக் ராக் பாலைவனத்தில் ஆசைக்காக ராக்கெட் கட்டுகிறவர்கள் கூடி, ஆளைவிட உயரமான ராக்கெட்டுகளை விடுகிறார்கள். விளையாட்டுக் காரியம் இல்லை. 2004-இல் இங்கிருந்து போன கோஃபாஸ்ட் என்ற ராக்கெட் 100 கிலோமீட்டரைத் தாண்டி விண்வெளியைத் தொட்டது. 2024 அக்டோபரில் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவர்கள் விட்டது சுமார் 143 கிலோமீட்டர் ஏறியது. மேல சரக்கல்விளையில் பிறந்த சிவனும் மேலகாட்டுவிளை நாராயணனும் இஸ்ரோ தலைவர்களான மாவட்டத்துக்காரர்கள் இதைப் பார்க்காமல் திரும்பலாமா?

1. தேதி

டிரிப்போலி என்ற சங்கம் நடத்தும் 'பால்ஸ்' கூட்டம் பெரும்பாலும் செப்டம்பரில் வரும். அங்கே களத்தைக் கவனிப்பது ஏரோபேக் என்ற கிளப். நுழைவு விதி, கட்டணம், முகாம் இடம் மூன்றையும் அவர்களுடைய தளத்தில் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். மழை பெய்தால் அந்தத் தரை களியாகி டயரைக் கவ்விக்கொள்ளும், அதனால் கிளம்புகிற வாரம் இன்னொரு முறை பாருங்கள்.

2. வழியும் மூட்டையும்

ரீனோவில் இறங்கி ஐ-80 சாலையில் கிழக்கே போய், வாட்ஸ்வொர்த்தில் 447-ஆம் சாலைக்குத் திரும்பினால் கெர்லாக் வரும். கடைசி ஊர் அதுதான். பெட்ரோலை வாட்ஸ்வொர்த் பக்கமே நிரப்புங்கள், வரைபடத்தையும் போனில் இறக்கி வையுங்கள், சிக்னலை நம்ப வேண்டாம். கெர்லாக் தாண்டி, வற்றிப்போன பழைய ஏரியின் தரையில் இறங்கினால் சாலை என்று ஒன்று கிடையாது, சாமித்தோப்பு உப்பளம் தண்ணீர் வற்றி வெடித்துக் கிடப்பது போல கண்ணுக்கெட்டிய தூரமும் வெறும் தரை.

தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டராவது வேண்டும். அந்தப் புழுதி காரத்தன்மை உள்ளது, வெறும் காலோடு நடந்தால் தோல் வெடித்துவிடும், செருப்பும் போதாது, மூடிய ஷூ போடுங்கள். ராத்திரி காலைக் கழுவும்போது தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விட்டால் எரிச்சல் அடங்கும். பகலில் வெயில் கொளுத்தும், இரவில் ஸ்வெட்டர் கேட்கும். அப்புறம் நேந்திரங்காய் சிப்ஸ், அதை நான் சொல்லித்தானா எடுத்து வைப்பீர்கள்? குப்பையில் ஒரு துண்டுகூட அங்கே விட்டு வரக்கூடாது.

3. களத்தில் யார் யார்

ஒவ்வொரு ராக்கெட்டையும் கையில் வாங்கி, துடுப்பை ஆட்டிப் பார்த்து, பாராசூட் எப்படி மடித்திருக்கிறது என்று கேட்டு அனுமதிப்பவர் பாதுகாப்பு அதிகாரி. மைக்கில் எண்ணிப் பொத்தானை அழுத்துகிறவர் இன்னொருவர். கொடி கட்டிய கோட்டைத் தாண்டாதீர்கள்.

மைக்கில் மோட்டாரின் வலுவைச் சொல்லும் ஆங்கில எழுத்துகள் வரும். ஹெச் என்றால் 320 நியூட்டன்-நொடி (மோட்டார் தரும் மொத்த உந்துதலின் அளவு) வரை, ஐ 640, ஜே 1280 என்று ஒவ்வொரு எழுத்துக்கும் உச்சவரம்பு இரட்டிப்பாகும். எழுத்து ஏற ஏற, தள்ளி நிற்க வேண்டிய தூரமும் கூடும்: ஜே மோட்டாருக்கு 100 அடி தள்ளி நின்றால் போதும், எம் என்றால் 500, ஓ என்றால் 1500 அடி. 'எம்' என்று காதில் விழுந்ததும் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிடுங்கள்.

காற்று மணிக்கு 20 மைலுக்கு மேல் போனால் எதையும் விடமாட்டார்கள். ஆரல்வாய்மொழியில் ஆடி மாதம் இந்தக் கூட்டம் போட்டால் எல்லோரும் சும்மா உட்கார்ந்துவிட்டு வர வேண்டியதுதான்.

4. பார்ப்பது எப்படி

பந்தலுக்குள் உட்காராதீர்கள், மேலே இருந்து வருவது தெரியாது. வெளியே வந்து, சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். முதலில் நெருப்பு தெரியும், 1500 அடி தள்ளி நின்றால் ஒரு நொடிக்கு மேல் கழித்துத்தான் சத்தம் நெஞ்சில் வந்து மோதும். வீடியோ எடுக்கிற வேலையை பக்கத்தில் இருக்கிற பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள், போன் வழியாகப் பார்த்தால் ராக்கெட் தப்பிவிடும்.

புகைக்கோடு நின்ற பிறகும் ராக்கெட் வெகுதூரம் ஏறும், அதே திசையிலேயே கண்ணை வையுங்கள். உச்சியில் ஒரு சின்ன வெள்ளைப் புகை 'பொக்'கென்று தெரியும். உள்ளே இருக்கிற உயரமானி, காற்றழுத்தத்தை வைத்து உச்சி வந்ததைக் கண்டுபிடித்துக் கருமருந்தை வெடிக்க வைக்கிறது. சின்ன பாராசூட் அப்போது வெளியே வரும், பெரியது தரைக்குச் சில நூறு அடி மேலே வந்தபிறகுதான் விரியும். முதலிலேயே பெரியதை விரித்தால் காற்று அதைப் பல மைல் தள்ளிக்கொண்டு போய்விடும்.

'ஹெட்ஸ் அப்' என்று கத்தினால், ராக்கெட் ஆட்கள் பக்கம் விழலாம், மேலே பாருங்கள் என்று அர்த்தம், அது உங்களுக்கும் சேர்த்துத்தான். கண்டபடி ஓடாதீர்கள். எல்லோரும் எங்கே கை நீட்டுகிறார்களோ அங்கே பார்த்து, ராக்கெட்டைக் கண்டுபிடித்த பிறகு விலகுங்கள். ஓடுகிறவர் அதன் அடியிலேயே போய் நிற்க வாய்ப்புண்டு.

5. விழுந்த பிறகு

நடக்கும்போது ஒரு ராக்கெட் கிடந்தால் தொடாதீர்கள், வெடிக்காத கருமருந்து உள்ளே மிச்சம் இருக்கலாம். இடத்தை மட்டும் போய்ச் சொல்லுங்கள்.

சாயங்காலம் ராக்கெட்காரர்களிடம் பேச்சுக் கொடுங்கள், 'என்ன மோட்டார்?' என்று கேட்டாலே போதும், அவர்களே நிறுத்தமாட்டார்கள். வாடகைக் கார் என்றால் திருப்பிக் கொடுக்கும் முன் கதவிடுக்கு வரை கழுவிவிடுங்கள், அந்தப் புழுதிக்குத் தனியாகக் காசு கேட்க வாய்ப்புண்டு.