புத்தகம் எப்படி இருந்தது? பதில் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில வருடங்களுக்கு முன் நான் எழுதி வைத்த ஒரு நோட்டு சமீபத்தில் கையில் கிடைத்தது. அந்த வருடம் படித்த நாவல்களைப் பற்றி அதில் குறித்து வைத்திருக்கிறேன். ஒரு நாவலின் பெயருக்குக் கீழே, "அருமை. மனதை உலுக்கிய கதை. அனைவரும் படிக்க வேண்டும்" என்று இருந்தது. எவ்வளவு யோசித்தும் அந்த நாவலிலிருந்து ஒரு காட்சிகூட நினைவுக்கு வரவில்லை. மனதை உலுக்கியது எது என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு பக்கம் தள்ளி இன்னொரு நாவல். அதற்குக் கீழே, "அப்பா இறந்த பிறகு மகன் அவர் சட்டைப் பையில் கைவிடுகிறான். பழைய பஸ் டிக்கெட். இதற்கு மேல் இன்றைக்குப் படிக்க முடியவில்லை" என்று மட்டும் எழுதியிருந்தேன். அதைப் பார்த்ததுமே நாவல் முழுவதும் திரும்பி வந்துவிட்டது. அந்த மகனின் பெயர், அவன் தங்கையின் கோபம், புத்தகத்தை மூடிவிட்டு நான் உட்கார்ந்திருந்த நாற்காலி வரைக்கும்.

ஆசைக்குப் படித்த புத்தகத்தைப் பற்றிப் பேச விமர்சகராக இருக்க வேண்டியதில்லை. அது உங்களை எந்த இடத்தில் பிடித்தது, எந்த இடத்தில் கைவிட்டது என்று சொன்னால் போதும். அதைச் சொல்ல உங்களைத் தவிர வேறு ஆள் கிடையாது. நாம் செய்கிற தவறுகளில் பெரும்பாலானவை, இந்த ஒன்றை விட்டுவிட்டு வேறு எதையெதையோ சொல்வதால் வருபவை.

கதையை ஒப்பிப்பது

எல்லோரும் செய்கிற தவறு இதுதான். "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "என்ன நடந்தது?" என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறோம். ஒரு நாவலைக் கற்பனை செய்துகொள்வோம். அதைப் படித்தவர் இப்படிச் சொல்கிறார்: "கடிகாரம் பழுதுபார்க்கும் ஒரு முதியவர். மனைவி இறந்துவிட்டார். இருபது வருடம் கழித்து மகள் திரும்பி வருகிறாள். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அப்புறம் ஒரு கடிதம் கிடைக்கிறது. அதில் என்ன இருந்தது என்றால்…"

அதே நாவலைப் படித்த இன்னொருவர்: "இருபது வருடம் கழித்து வாசலில் வந்து நிற்கும் மகளிடம் அப்பா கேட்கிற முதல் கேள்வி, 'கையில் இருக்கிற கடிகாரம் சரியாக ஓடுகிறதா?' என்பதுதான். அதற்கு மேல் அவருக்குப் பேசத் தெரியாது. இந்த இடம் வரும் வரைக்கும், சுமார் நூறு பக்கம், எனக்கு அலுப்பாகத்தான் இருந்தது. வந்த பிறகு, அந்த நூறு பக்கத்தையும் மறுபடி ஒரு தடவை புரட்டினேன்."

இரண்டாமவர் சொன்னதில் கதை இரண்டு வரிகூட இல்லை. ஆனாலும் கேட்பவருக்கு எவ்வளவு தெரிந்துவிட்டது, பாருங்கள். மெதுவாகத் தொடங்கும் நாவல், பேசத் தெரியாத மனிதர்களைப் பற்றியது, பொறுமை வேண்டும், பொறுத்தால் கிடைக்கிறது. இது தனக்கு ஒத்து வருமா என்று அவர் முடிவு செய்துகொள்ளலாம்.

கதையே சொல்லக் கூடாது என்றில்லை. சிக்கல் தொடங்கும் இடம் வரைக்கும் சொல்லலாம். பின்னட்டையில் போட்டிருக்கும் அளவே போதும். அதைத் தாண்டி நீங்கள் சொல்லும் ஒவ்வொரு சம்பவமும், அவர் தானாகப் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு நீங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவது போலத்தான்.

முடிவைச் சொல்வதும், முடிவு இருக்கிறது என்று சொல்வதும்

முடிவு முன்பே தெரிந்தால் ரசனை கெடுமா? இதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த ஜோனாதன் லீவிட்டும் நிக்கோலஸ் கிறிஸ்டன்ஃபெல்டும் 12 சிறுகதைகளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். முடிவை முன்கூட்டியே தெரிந்துகொண்டு படித்தவர்கள் கதையைச் சற்றுக் கூடுதலாகவே ரசித்ததாக 2011-இல் எழுதினார்கள். 2015-இல் பெஞ்சமின் ஜான்சனும் ஜூடித் ரோசன்பாமும் வெளியிட்ட ஆய்வில் முடிவு வேறு மாதிரி வந்தது. முடிவு தெரிந்த கதைகள் வாசகரை அவ்வளவாக நெகிழ வைக்கவில்லை, பரபரப்பும் குறைந்தது.

ஆய்வுகள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் எனக்கு இதில் சந்தேகம் இல்லை. முடிவு தெரிந்துகொண்டு படிப்பதா, தெரியாமல் படிப்பதா என்பது படிக்கப் போகிறவரின் விருப்பம். நாம் வாய் தவறிச் சொல்லிவிட்டால் அந்த விருப்பத்துக்கே இடமில்லாமல் போகிறது. லண்டனில் 1952-இல் தொடங்கிய 'தி மவுஸ்ட்ராப்' என்ற துப்பறியும் நாடகத்தில், ஒவ்வொரு முறை நாடகம் முடிந்ததும் குற்றவாளி யார் என்பதை வெளியில் சொல்ல வேண்டாம் என்று பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்வது வழக்கம். அந்த அக்கறை நமக்கும் வேண்டும்.

இதில் கவனிக்கப்படாத ஒரு தவறு உண்டு. ஒரு துப்பறியும் நாவலைப் பற்றி நண்பர் ஒருவரிடம், "கடைசியில் ஒரு திருப்பம் இருக்கிறது, உங்களால் யூகிக்கவே முடியாது" என்று மட்டும் சொன்னேன். முடிவைப் பற்றி வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் நாற்பதாம் பக்கத்திலேயே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார். யூகிக்க முடியாது என்று நான் சொன்னதால், யார்மேல் சந்தேகமே வராதோ அவரையே முதலில் சந்தேகப்பட்டிருக்கிறார். அந்த நாவல் அவருக்குத் தர வேண்டியதை நான் எடுத்துவிட்டேன் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. திருப்பம் இருக்கிறது என்று சொல்வதே பாதி முடிவைச் சொன்னதற்குச் சமம். கடைசி அத்தியாயத்தைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும் என்றால், முதலில் கேட்டுவிடுங்கள்: "படிக்கிற எண்ணம் இருக்கிறதா?"

வெறும் சொற்கள்

பவணந்தி முனிவர் நன்னூலில் ஒரு நூலுக்கு வரக்கூடாத பத்துக் குற்றங்களைச் சொல்கிறார். அவற்றில் ஒன்று 'வெற்றெனத் தொடுத்தல்'. பொருளில்லாத சொற்களை அடுக்கிக்கொண்டே போவது. நூலைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும். விறுவிறுப்பான நடை, மனதைத் தொட்டது, கீழே வைக்க முடியவில்லை, செதுக்கப்பட்ட பாத்திரங்கள். இவற்றில் எதையும் புத்தகத்தின் பெயரை மாற்றிப் போட்டு வேறொரு நூலுக்கும் சொல்லிவிடலாம்.

இந்தச் சொற்கள் பொய்யில்லை. அப்படித் தோன்றியதால்தான் சொல்கிறோம். ஆனால் சொல்லி முடித்ததும் அங்கேயே நின்றுவிடுகிறோம். கீழே வைக்க முடியவில்லையா? சரி, எந்தப் பக்கத்திலிருந்து? தூக்கத்தைத் தள்ளிப்போட வைத்தது எந்த அத்தியாயம்? மனதைத் தொட்டது எந்த வாக்கியம்? அதை எடுத்து ஒரு வரி வாசித்துக் காட்டினால் போதும். நடை எப்படி என்று கேட்பவருக்கே தெரிந்துவிடும்.

பிடிக்காததைச் சொல்வதற்கும் அதே பத்துக் குற்றங்கள் கை கொடுக்கும். 'கூறியது கூறல்' என்பது சொன்னதையே திரும்பச் சொல்வது. 'சென்று தேய்ந்து இறுதல்' என்பது வலுவாகத் தொடங்கிப் போகப் போகத் தேய்ந்து முடிவது. "மொக்கை" என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவதைவிட, "முதல் பாதி பிடித்து இழுத்தது, அந்தப் பயணம் முடிந்த பிறகு தேய்ந்துவிட்டது" என்றால் எழுதியவருக்கும் நியாயம் செய்ததாகும்.

எனக்கு வேண்டிய புத்தகம் இது இல்லையே

அமெரிக்க எழுத்தாளர் ஜான் அப்டைக் 1975-இல் வெளிவந்த தன் கட்டுரைத் தொகுப்பில் மதிப்புரை எழுதுவதற்கு அவர் கடைப்பிடித்த சில விதிகளைச் சொல்கிறார். முதல் விதி: எழுதியவர் என்ன செய்ய நினைத்தார் என்று புரிந்துகொள்ளுங்கள், அவர் செய்ய முயலாத ஒன்றைச் செய்யவில்லை என்று குறை சொல்லாதீர்கள். ஒரு கிராமத்து மனிதர்களின் நிதானமான வாழ்க்கையைச் சொல்ல வந்த நாவலைப் பார்த்து, "இதில் பரபரப்பே இல்லை" என்கிறோம். சிரிக்க வைக்க எழுதிய கதையில் ஆழம் தேடுகிறோம். பரபரப்பை எதிர்பார்த்துப் போனேன், கிடைக்கவில்லை என்று சொல்வது உண்மை. அதைச் சொல்லுங்கள். புத்தகத்தின் மேல் பழி போட வேண்டாம்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு தவறு, "எனக்குப் பிடிக்கவில்லை" என்பதையும் "இது மோசமான புத்தகம்" என்பதையும் ஒன்றாக்குவது. உடம்பு சரியில்லாத வாரத்தில் படித்த புத்தகம், மனது வேறெங்கோ இருந்தபோது படித்த புத்தகம், பதினெட்டு வயதில் படித்த புத்தகம். அதே பக்கங்கள்தான், படித்த ஆள் வேறு. பாத்திரம் சொல்லும் கருத்தை எழுதியவரின் கருத்தாக எடுத்துக்கொண்டு கோபப்படுவதும் அடிக்கடி நடக்கிறது. கெட்டவனை நம்பும்படி எழுதியிருந்தால் அது எழுத்தாளரின் திறமை.

மொழிபெயர்ப்பு நூல் என்றால் ஒரு வார்த்தை. "என்ன அழகான மொழி!" என்று மூல ஆசிரியரைப் பாராட்டும்போது, நாம் படித்த ஒவ்வொரு சொல்லையும் தேர்ந்தெடுத்தது மொழிபெயர்ப்பாளர் என்பதை மறந்துவிடுகிறோம். அவர் பெயரைச் சொல்லுங்கள். நடை முரடாக இருந்தாலும், அது மூலத்தில் உள்ள முரடா, மொழிபெயர்ப்பில் வந்ததா என்று உறுதியாகத் தெரியாதபோது ஆசிரியர்மேல் ஏற்றிவிடக் கூடாது.

மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதுவது

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட், வட அமெரிக்கப் பழங்குடியினரின் நாட்டுப்புறக் கதை ஒன்றை ஆங்கிலேய வாசகர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். பிறகு வெவ்வேறு இடைவெளிகளில் நினைவிலிருந்து எழுதச் சொன்னார். கதை சுருங்கிக்கொண்டே போனது. அதைவிட முக்கியம், அது மாறிக்கொண்டே போனது. கதையில் இருந்த சிறு துடுப்புப் படகுகள் சாதாரணப் படகுகளாயின. கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாயிற்று. புரியாத இடங்கள் உதிர்ந்தன, அல்லது தங்களுக்குப் பழகிய மாதிரி திருத்தப்பட்டன. தாங்கள் திருத்துகிறோம் என்பதே எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. 1932-இல் அவர் வெளியிட்ட நூலில் இது இருக்கிறது.

நமக்கும் இதுவேதான் நடக்கிறது. "அதில் ஒரு இடத்தில் அவன் மன்னிப்புக் கேட்பான்" என்று உறுதியாகச் சொல்வோம். புரட்டிப் பார்த்தால் அவன் கேட்டிருக்க மாட்டான். கேட்டிருக்க வேண்டும் என்று நாம் விரும்பியிருப்போம். முடித்த இரண்டு மூன்று நாளுக்குள் நாலு வரி எழுதிவிடுங்கள். படிக்கும்போதே பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு, அல்லது ஒரு துண்டுத்தாளில் பக்க எண். மேற்கோள் காட்டுவதாக இருந்தால் புத்தகத்தைத் திறந்து பார்த்துத்தான் எழுத வேண்டும். மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்று தேடிப் படிப்பதையும் இந்த நாலு வரிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் படித்துவிட்டால், எது நம் கருத்து, எது அவர்களுடையது என்று பிரிக்க முடியாமல் போகும்.

கூச்சம்

"சும்மா டைம்பாஸுக்குத்தான் படித்தேன்." இந்த வரியை எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்! காதல் கதை படித்தவர்கள், பேய்க்கதை படித்தவர்கள், சிறுவர் நூலை ஆசையோடு படித்த பெரியவர்கள், எல்லோரும் முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள். வேண்டாம். ஒரு பேய்க்கதை உங்களை விளக்கை அணைக்க விடாமல் செய்திருந்தால், அதை எப்படிச் செய்தது என்று சொல்வது மிக நல்ல பேச்சு. மற்றவரின் சந்தோஷத்தை "இதையெல்லாமா படிக்கிறீர்கள்?" என்று கேட்டு அணைப்பது இதே தவறின் மறுபக்கம். அந்தக் கேள்வியைக் காதில் வாங்கியவர், அதற்குப் பிறகு தான் படிப்பதைப் பற்றி வாயே திறக்க மாட்டார்.

பாதியில் விட்டதைச் சொல்லவும் கூச்சம். பிரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பென்னாக் 1992-இல் எழுதிய நூலில் வாசகரின் பத்து உரிமைகளைப் பட்டியலிட்டார். முடிக்காமல் விடும் உரிமை அதில் மூன்றாவது, எதையும் படிக்கும் உரிமை ஐந்தாவது, படித்ததைப் பற்றிப் பேசாமல் இருக்கும் உரிமை பத்தாவது. விட்டால் விட்டேன் என்றே சொல்லுங்கள், எத்தனையாவது பக்கத்தில் என்பதோடு. முடிக்காத புத்தகத்துக்கு முழுத் தீர்ப்பு எழுதுவதுதான் தவறு. வருடத்துக்கு எத்தனை புத்தகம் என்ற எண்ணிக்கையும், ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்பதும் கேட்பவருக்கு அதிகம் உதவுவதில்லை.

எல்லோரும் படிக்க வேண்டும்

நூலின் முன்னுரையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று நன்னூல் சொல்லும் எட்டில் 'கேட்போர்' என்பதும் ஒன்று. இந்த நூல் யாருக்கு? புத்தகத்தைப் பரிந்துரைக்கும்போது நாம் விட்டுவிடும் கேள்வி இது. "கட்டாயம் படியுங்கள்" என்பதைவிட, "நீளமான வர்ணனைகள் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் படியுங்கள்" என்பது நேர்மையானது. "குழந்தை இறப்பது வருகிறது, அது தாங்காது என்றால் இப்போது வேண்டாம்" என்று சொல்வது கதையைக் கெடுக்காது. கேட்டவர் நன்றி சொல்வார்.

அப்புறம், அவர் படித்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று வந்தால் வாதாடக் கூடாது. எனக்கு மிகவும் பிடித்த ஒரு நாவலைத் தோழி ஒருத்திக்குக் கொடுத்திருந்தேன். "எனக்கு ஒட்டவே இல்லை" என்று திருப்பிக் கொடுத்தாள். அந்த நாவல் ஏன் சிறந்தது என்று விளக்க ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்திவிட்டு, எந்த இடத்தில் விட்டுப்போனது என்று கேட்டேன். ஒன்பதாவது அத்தியாயம் என்றாள். அம்மா யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பும் இடம். கதவைச் சாத்தக்கூட மாட்டாள், அப்படியே போய்விடுவாள். அந்த நாவலில் நான் மூன்று முறை படித்த பக்கம் அதுதான். அதைச் சொன்னேன். அந்த ஒரு திறந்த கதவைப் பற்றி இரண்டு பேரும் ஒரு மணி நேரத்துக்கும் மேல் பேசிக்கொண்டிருந்தோம்.