மல்லாட்டைப் புழுவுக்கு வைரஸ் கரைசல்: கொல்லையிலேயே தயாரிக்கலாம்

விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கம் மார்கழிப் பட்டத்து மல்லாட்டையில் (நிலக்கடலையில்) புரொடீனியா என்னும் இலை தின்னும் புழு விழுந்தால் எல்லோரும் மருந்துக் கடைக்குத்தான் ஓடுகிறோம். அதற்கு முன் காலையில் ஒருமுறை மல்லாட்டைக் கொல்லையைச் சுற்றி வாருங்கள். புழுவுக்கும் நோய் வரும். அது உங்கள் கொல்லையிலேயே இருக்கலாம். அந்த நோயில் செத்த புழுவைக் கரைத்து அடித்தால் மற்ற புழுக்களுக்கும் அது தொற்றும்.

முதல் வேலை, செத்த புழுவைத் தேடுவது. வெயில் ஏறுமுன் செடியின் நுனிகளைப் பாருங்கள். என்.பி.வி. என்ற, புழுக்களைத் தாக்கும் வைரஸ் பிடித்த புழு தீனியை விட்டுவிட்டு மேலே ஏறும்; பின்னங்கால்களால் இலையைப் பற்றித் தலைகீழாகத் தொங்கியபடியே சாகும். உடம்பு வெளிறி, உப்பி, மினுமினுக்கும். குச்சியால் தொட்டாலே தோல் கிழிந்து பால்போல் சாறு வழியும். நமக்கு வேண்டியது இதுதான்.

விறைத்துக் கிடக்கும் புழுமேல் வெள்ளையாகவோ வெளிர்பச்சையாகவோ தூள் பூத்திருந்தால் அது பூஞ்சாண நோய். தொடாமல் செடியிலேயே விடுங்கள். அதன் வித்து காற்றில் பரவி இன்னும் பல புழுக்களைப் பிடிக்கும். கறுத்துச் சுருங்கி அழுகியதையும் பொறுக்க வேண்டாம்.

பரிந்துரை அளவு ஹெக்டேருக்கு 250 புழுச் சமானம் (நன்கு வளர்ந்து வைரஸால் செத்த ஒரு புழுவில் இருக்கும் வைரஸ் அளவே ஒரு சமானம்), அதாவது ஏக்கருக்கு அப்படிப்பட்ட 100 புழு. பொறுக்குவதில் சின்னதும் இருக்கும், அதனால் கூடுதலாகவே எடுங்கள். கையுறை போட்டு, இடுக்கியால் எடுத்து, தண்ணீர் உள்ள பாட்டிலில் போடுங்கள். நன்றாக நசுக்கி, பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து வடிகட்டுங்கள். ஏக்கருக்கு ஒரு கிலோ வெல்லத்தைக் கரைத்துச் சேர்த்தால் புழு விரும்பித் தின்னும். இலையில் ஒட்டக் கொஞ்சம் காதி சோப்பும் போதும்.

மாலையில்தான் அடிக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள், வெயிலின் புற ஊதாக் கதிர் வைரஸைக் கெடுத்துவிடும். குஞ்சுப் புழுக்கள் கூட்டமாக இலையின் அடியில் இருந்து சுரண்டும்; சல்லடையாய் வெளுத்த இலைகள் தெரிந்தவுடன் அடிப்பகுதி நனைய அடியுங்கள். முற்றிய புழுவிடம் இந்த வைரஸ் அவ்வளவாகப் பலிக்காது.

புழு சாக ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். மூன்றாம் நாள் உயிரோடு இருப்பதைப் பார்த்துப் பூச்சிமருந்துக்குத் தாவினால் நன்மை செய்யும் பூச்சிகளும் சேர்ந்து போகும். மாட்டுக்கோ தேனீக்கோ மனிதருக்கோ இந்த வைரஸால் கெடுதல் இல்லை. உளுந்தில் வரும் பச்சைக் காய்ப்புழுவையும் இது கொல்லாது. அதற்கு அந்தப் புழுவிலிருந்தே தனியாக எடுக்க வேண்டும்.

வரப்பில் நாலு ஆமணக்கு நட்டுவையுங்கள். தாய்ப்பூச்சி அதில்தான் முதலில் முட்டைக் குவியல் வைக்கும். அடுத்த முறை எப்போது அடிக்கலாம் என்று அந்த இலையைத் திருப்பினாலே தெரிந்துவிடும்.