முயல் சுத்தம் செய்யப் பெரிய கத்தி வேண்டாம்

வளர்ப்பு முயலையோ காடையையோ வீட்டிலேயே சுத்தம் செய்பவர்கள் பாத்திரக்கடையில் கிடைக்கும் 3 அங்குலப் பழக்கத்தியையே வாங்குங்கள். பிடி மட்டும் சொரசொரப்பாக இருக்கட்டும், ரத்த ஈரத்தில் கை வழுக்கக் கூடாது. முயலின் வயிற்றுத் தோல் ரொம்ப மெல்லியது. நீளக் கத்தியின் முனை இறங்கிக் குடலையோ மூத்திரப்பையையோ குத்திவிட்டால் கறியே நாறிப்போகும். குட்டைக் கத்தி என்றால் ஆள்காட்டி விரலை அதன் முதுகில் வைத்து, வயிற்றுத் தோலைத் தூக்கிப் பிடித்து, கூர்ப்பக்கம் மேலே பார்க்க நிதானமாகக் கீறலாம். மழுங்கினால் பீங்கான் கோப்பையின் அடிவிளிம்பில் நாலு முறை தேய்த்தால் போதும்.

எலும்பு வெட்ட இது ஆகாது, கூர் பல் பல்லாய்ப் போய்விடும். அதற்கு வெட்டுக்கத்தி தனி. அப்புறம், காட்டு முயலைத் தொடவே வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த வேட்டை குற்றம்.